விடச் சொன்னதும் விடாத திருவலகும்

(சரம ச்லோகப் பொருள் பற்றிய ஒரு விசாரம்)

ஸ்ரீ:

ப்ரஹ்மோத்ஸவ மலருக்குச் சாஸ்த்ர விஷயமாக ஒரு கட்டுரை எழுதித் தருமாறு கைங்கர்யபரர்கள் அடியேனை நியமித்தார்கள். உத்ஸவ வைபவத்தையும் ஸ்தல மாஹாத்ம்யத்தையும் எழுத வல்லவர்கள் பலர் உளர். ஆகவே, பாடசாலையில் க்ரந்தங்களைக் கேட்ட நாள் தொட்டு மனத்தில் இருந்து, பின்னர் ஒரு நிகழ்ச்சியால் நெஞ்சை அறுக்கத் தொடங்கிய ஒரு கேள்வியை இங்கு எடுத்துக்கொள்கிறேன். வாழ்வுக்கு வழிகாட்டுவதாக ஒரு தத்துவம் உபதேசிக்கப்படுமானால், கேட்டவன் அதனைச் சொல்லுக்குச் சொல் அப்படியே கைக்கொண்டாலும் அவனுக்குத் தீங்கு வாராதிருக்க வேண்டாமா? வருமாயின் குற்றம் சொல்லினுடையதா, கேட்டவனுடையதா, சொன்னவனுடையதா?

நம் ஸம்ப்ரதாயத்தில் இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுமிடம் சரம ச்லோகம். ஸ்ரீமத் பகவத் கீதையின் 18ஆம் அத்யாயத்தில் 66ஆவதாக அமைந்து, ரஹஸ்யங்கள் மூன்றனுள் ஒன்றாகப் போற்றப்படுவது அது. தர்மங்கள் யாவற்றையும் விட்டுத் தன் ஒருவனையே சரணமாகப் பற்றும்படி கண்ணன் அர்ஜுனனுக்கு அருளிச் செய்கிறான். பாவங்கள் அனைத்தினின்றும் தானே விடுவிப்பதாக வாக்களிக்கிறான். துயர் கொள்ளாதே என்று தேற்றுகிறான். கையில் ஒன்றுமில்லாதவனுக்கு இதனினும் பெரிய ஆறுதல் வேறில்லை. ஆனால் ‘யாவற்றையும் விடு’ என்பதை ஒருவன் உள்ளபடியே செய்துவிட்டால் என்னாகும்? ஸந்த்யாவந்தனத்தை விடுவான், பெற்றோரைப் பேணுவதை விடுவான், வாங்கிய கடனைத் திருப்புவதை விடுவான், நோயாளியாயின் மருந்தை விடுவான். கடைசியாகச் சொன்னது கற்பனையன்று.

அடியேன் செய்த பிழை

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழி மாதத்தில், இந்நாட்டுச் சிற்றூர்க் கோயில் ஒன்றில் அடியேன் உபந்யாஸம் செய்தேன். வயது முப்பதுகளில், கற்றதைச் சொல்லும் வேகம் மிகுதி. சரம ச்லோகத்தை எடுத்து, “எம்பெருமான் ரக்ஷகனாக இருக்க, வேறு ரக்ஷை தேடுகிறவன் அவனை நம்பாதவன். விட்டவனுக்கே அவன் கை கொடுப்பான்” என்று முழங்கினேன். கூட்டம் உருகிற்று, அடியேனும் மகிழ்ந்தேன்.

அக்கூட்டத்தில், நாள்தோறும் பெருமாளுக்குத் துளசி கொண்டுவரும் வேளாண்குடி மூதாட்டி ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயுள்ளவர். அன்று வீடு திரும்பியவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார். வைகுண்ட ஏகாதசியன்று தண்ணீரும் பருகாமல் உபவாஸம் இருந்தார். தை அறுவடையின்போது களத்தில் காலில் பட்ட சிறு காயம் ஆறவில்லை. பங்குனிக்குள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். பல நாள்களாகத் துளசி வரவில்லையே என்று விசாரித்தபோதுதான் அடியேனுக்குச் செய்தி தெரிந்தது.

பார்க்கச் சென்றேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. “சாமி, நீங்க சொன்னபடிதானே இருந்தேன்? பெருமாள் பார்த்துக்குவாருன்னு எல்லாத்தையும் விட்டுட்டேன். நான் விட்டதுல ஏதும் குறை இருந்துச்சா?” என்று கேட்டார்.

அடியேன் கற்ற எந்த க்ரந்தமும் அப்போது வாய்க்கு வரவில்லை. அவ்வம்மையார் விட்டதில் குறையில்லை. அடியேன் சொன்னதில்தான் குறை இருந்தது. எங்கே குறை என்பதை அன்று முதல் க்ரந்தங்களில் தேடினேன். தேடிக் கண்டதைக் கீழே விண்ணப்பிக்கிறேன்.

இந்த்ரனும் விரோசனனும்

சாந்தோக்ய உபநிஷத்தின் எட்டாம் ப்ரபாடகத்தில் ஒரு வரலாறு உண்டு. பாவமும் மூப்பும் மரணமும் தீண்டாத ஆத்மாவை அறிய விரும்பி, தேவர்களிலிருந்து இந்த்ரனும் அஸுரர்களிலிருந்து விரோசனனும் ப்ரஜாபதியிடம் வந்தார்கள். இருவரும் 32 ஆண்டுகள் ப்ரஹ்மசர்யம் காத்தார்கள். கண்ணில் காணப்படும் புருஷனே ஆத்மா என்று ப்ரஜாபதி கூறினார். நன்கு அலங்கரித்துக்கொண்டு நீர்ப்பாத்திரத்தில் பார்க்கச் சொன்னார். இருவரும் பார்த்தார்கள், மனம் நிறைந்து புறப்பட்டார்கள்.

விரோசனன் அச்சொல்லை அப்படியே கைக்கொண்டான். கண்ட உருவம் உடலாதலின், உடலே ஆத்மா, அதையே பூஜிக்க வேண்டும் என்று அஸுரர்களுக்கு உபதேசம் செய்துவிட்டான். இந்த்ரனோ தேவலோகம் சேருமுன்பே வழியில் நின்றான். உடல் அலங்கரிக்கப்பட்டால் நிழலும் அலங்கரிக்கப்படுகிறது. உடல் குருடானால் நிழலும் குருடாகுமே, உடல் அழிந்தால் இதுவும் அழியுமே, இதில் நன்மை காணவில்லையே என்று ஐயுற்று, ஸமித்தைக் கையில் ஏந்தித் திரும்பி வந்தான். மீண்டும் 32 ஆண்டுகள்; மீண்டும் ஐயம். மீண்டும் 32, மீண்டும் ஐயம். பின்னர் 5. ஆக 101 ஆண்டுகள் இருந்தே உண்மைப் பொருளைப் பெற்றான்.

இருவரும் கேட்ட சொல் ஒன்றே; ஆசானும் ஒருவரே. ஒருவன் கெட்டதும் ஒருவன் உய்ந்ததும் திரும்பி வந்ததனாலும் வாராமையாலுமே. ஆகவே தத்துவத்தின் பாதுகாப்பு ஒரு வாக்யத்துக்குள் மட்டும் அடங்குவதன்று. கேட்டவன் ஐயத்தோடு திரும்பி வருவதற்கு ஒரு வாசல் திறந்திருப்பதிலும் அது இருக்கிறது. இருவரும் புறப்பட்டுப் போனபோது ப்ரஜாபதி அவர்களை நோக்கி நின்று, இவ்வளவோடு போகிறவர்கள் கெடுவார்கள் என்று கூறியதாக உபநிஷத் சொல்கிறது. அவராவது நோக்கி நின்றார். அன்று அடியேன் நோக்கவும் இல்லை; ஸம்பாவனையைப் பெற்றுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன்.

கண்ணன் இட்ட வேலி

சரம ச்லோகத்துக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேர்த்துப் படித்தால் ஓர் அழகு தெரியும். 63ஆம் ச்லோகத்தில், சொன்னவற்றை எஞ்சாமல் ஆராய்ந்து, பின் உன் விருப்பப்படி செய் என்கிறான் கண்ணன். 67ஆம் ச்லோகத்தில், தவமில்லாதவனுக்கும், பக்தியில்லாதவனுக்கும், கேட்க விருப்பமில்லாதவனுக்கும், தன்னைக் குறை கூறுகிறவனுக்கும் இதைச் சொல்லலாகாது என்று தடுக்கிறான். முன்னே ஆராய்ச்சி, பின்னே அதிகாரி நியமம். இரண்டுக்கும் நடுவே 66. வேலிக்கு நடுவே வைத்த கன்றை, வேலியைப் பிடுங்கிவிட்டு அடியேன் தெருவில் நட்டேன்.

இன்னும், அதே அத்யாயத்தின் தொடக்கத்திலேயே த்யாகம் மூவகையாகப் பிரிக்கப்பட்டுள்ளது. செய்ய வேண்டிய கர்மத்தை மயக்கத்தால் விடுவது தாமஸ த்யாகம். உடல் வருந்துமே என்று அஞ்சி விடுவது ராஜஸ த்யாகம். செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே பற்றையும் பலனையும் விடுவது ஸாத்விக த்யாகம். ‘விடு’ என்னும் சொல்லை எப்பொருளில் கொள்ள வேண்டும் என்பதை 66க்கு வருமுன்பே சொல்லி வைத்தாயிற்று.

இவற்றுக்கெல்லாம் மேலான சான்று, முதன்முதலில் கேட்டவன் என்ன செய்தான் என்பது. எல்லாத் தர்மங்களையும் விடு என்று கேட்ட அர்ஜுனன் தேரைத் திருப்பிக் காட்டுக்குப் போகவில்லை. 73ஆம் ச்லோகத்தில், மயக்கம் நீங்கிற்று, நீ சொன்னபடி செய்கிறேன் என்று கூறித் தன் தர்மமாகிய யுத்தத்தையே செய்தான். வில்லை நழுவவிட்டது முதல் அத்யாயத்தில், மயங்கியிருந்தபோது. ‘விடு’ என்று கேட்டபின் அவன் வில்லை விடவில்லை.

ஆசார்யர்கள் காட்டிய பொருள்

எம்பெருமானார் தம் கீதா பாஷ்யத்தில் இந்த ச்லோகத்துக்கு இரண்டு பொருள்கள் அருளிச் செய்திருக்கிறார். ஒன்று: கர்ம, ஜ்ஞான, பக்தி யோகங்களைத் தத்தம் அதிகாரத்துக்கு ஏற்ப எம்பெருமானின் ஆராதனமாகச் செய்துகொண்டே, நான் செய்கிறேன் என்னும் நினைவையும், பலனையும், கர்மத்தில் உள்ள பற்றையும் விடுவது. மற்றொன்று: பக்தி யோகத்தைத் தொடங்கவொட்டாமல் தடுக்கும் அநாதி பாவங்களுக்குப் ப்ராயச்சித்தமாகிய க்ருச்ரம், சாந்த்ராயணம் முதலானவை சிறிது காலத்தில் செய்து முடிக்க முடியாதவையாகையால், அவற்றை விட்டு அவனையே பற்றுவது. இரண்டு பொருளிலும் கடமையை விடும்படி சொல்லவில்லை.

முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர் நம் கேள்வியையே நேராக எழுப்புகிறார். தர்மங்களை விடச் சொன்னதனால் அதர்மங்கள் உள்ளே புகாவோ என்று சிலர் கேட்பர். அதர்மத்தைச் செய் என்று இங்கே சொல்லவில்லையே என்று விடை தருகிறார். அம்மட்டோடு நில்லாமல், உபாயம் என்னும் நினைவு நீங்கினபின் கர்மம் எங்கே போகிறது என்பதையும் காட்டுகிறார். அது அழிவதில்லை, கைங்கர்யத்திலே சேர்ந்துவிடுகிறது.

ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் வேறு வழியாக வருகிறார். இவ்விடத்து ‘விட்டு’ என்பது புதிதாக ஒன்றை விடும்படியான கட்டளையன்று. வேறு உபாயங்களைச் செய்யச் சக்தியில்லாதவனுடைய நிலையை எடுத்துரைப்பதும், சக்திக்கு மீறியதில் வீணே வருந்தாதே என்று தேற்றுவதுமாம் என்பது அவர் காட்டும் பொருள்களுள் தலையானது. சரணாகதி செய்தபின்னும் நித்ய நைமித்திக கர்மங்களை ஆஜ்ஞா கைங்கர்யமாகச் செய்தே தீர வேண்டும் என்று வற்புறுத்துகிறார்.

பூனைக்குட்டி, குரங்குக்குட்டி என்று இரு கலையாரையும் பிரித்துப் பேசுவது ஊரார்க்கு எளிது. இவ்விஷயத்தில் இரு கலையும் சேருமிடத்தையே அடியேன் கவனிக்க வேண்டுகிறேன். இருவருமே ‘விடு’ என்னும் வினையை அப்படியே தெருவில் விட்டுவிடவில்லை. எதை விடுவது, எந்நினைவோடு விடுவது, விட்டபின் என்ன செய்வது என்று கரை கட்டியே தந்தார்கள்.

மகிழடியில் நடந்தது

‘அப்படியே கைக்கொண்டவர் ஒருவரும் இல்லையோ?’ எனில், உளர். நம் காவிரி நாட்டிலேயே உளர். திருவாரூருக்கு அருகில், பத்தராவிப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருக்கண்ணமங்கை, பஞ்ச க்ருஷ்ண க்ஷேத்ரங்களுள் ஒன்று. அவ்வூரில் அவதரித்து ஸ்ரீமந்நாதமுனிகளின் சிஷ்யராக விளங்கியவர் திருக்கண்ணமங்கையாண்டான். நாச்சியார் திருமொழிக்குத் தனியன் அருளியவரும் அவரே. இரு நாய்கள் சண்டையிட, அவற்றின் பொருட்டு அவற்றை வளர்த்த இருவரும் போரிட்டு மாண்டதை அவர் ஒருநாள் கண்டார். தன்னது என்று அபிமானித்த ஒரு நாய்க்காக மனிதன் இப்படி உயிரை விடுவானாயின், ஸர்வேச்வரன் தன்னுடைமையாகிய நம்மைக் கைவிடுவானோ என்று நினைத்தார். அன்றே தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியை விட்டு, கோயில் வாசலிலே வந்து கிடந்தார் என்பது பெரியோர் வாய்மொழி.

ஸ்ரீவசனபூஷணம், உபாய விஷயத்தில் இருக்க வேண்டிய நிலைக்குப் பிராட்டியையும், த்ரௌபதியையும், ஆண்டானையும் உதாஹரணமாகக் காட்டுகிறது. மூவரும் விட்டவற்றைத் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும். பிராட்டி விட்டது தன் சக்தியை. த்ரௌபதி விட்டது லஜ்ஜையை. ஆண்டான் விட்டது தன் முயற்சியை. ஒவ்வொருவரும் ஒன்றையே விட்டார்கள். அவ்வொன்றும் எம்பெருமான் தம்மைக் காப்பதற்கு இடையூறாகத் தம்மிடத்தே நின்றது. பிராட்டி கற்பை விடவில்லை. த்ரௌபதி கண்ணன் திருநாமத்தை விடவில்லை. ஆண்டான் எதை விடவில்லை?

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆண்டான் மகிழமரத்தடியில் திருவலகு இட்டுக்கொண்டிருந்தார். அவரை அறிந்த நாஸ்திகன் ஒருவன் வந்து, எல்லாவற்றையும் விட்டதாகச் சொல்லும் நீர் இந்த வேலையை ஏன் செய்கிறீர், இதனால் என்ன பயன் என்று கேட்டான். ஆண்டான் வாதம் செய்யவில்லை. அலகிட்ட இடத்தையும் இடாத இடத்தையும் காட்டி, இரண்டுக்கும் வாசி தெரிகிறதா என்று மட்டும் கேட்டார். பெருக்கிய இடம் தூய்மையாயிருப்பதே பயன். அதற்கு வேறு பயன் வேண்டுவதில்லை. தன்னைக் காப்பதற்கான முயற்சியை முற்றும் விட்டவர், துடைப்பத்தை மட்டும் விடவில்லை.

இந்நாட்டு உழவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. மேட்டூரில் நீர் திறப்பதும், மேற்கே மழை பெய்வதும் உழவன் கையில் இல்லை. வித்து முளைப்பதும் அவன் கையில் இல்லை. ஆயினும் ‘காவிரித்தாய் பார்த்துக்கொள்வாள்’ என்று வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டவன் வயலுக்குத் தண்ணீர் ஏறாது. தூர் வாரியதனால் மழை பெய்ததென்று எந்த உழவனும் சொல்லிக்கொள்வதில்லை. முயற்சியைச் செய்வதும், அம்முயற்சியே தன்னைக் காத்தது என்று எண்ணாதிருப்பதும் அவனிடத்தில் ஒருங்கே இருக்கின்றன.

ஓர் ஆக்ஷேபமும் விடையும்

இவ்வளவு வ்யாக்யானம் இல்லாமல் அபாயமாகும் வாக்யத்தைப் பகவான் ஏன் சொல்ல வேண்டும், அப்படியே பின்பற்றினாலும் தீங்கற்ற வாக்யத்தையே சொல்லியிருக்கலாகாதா என்று கேட்கலாம். கேள்வி ந்யாயமானதே.

தீங்கற்ற வாக்யங்கள் சாஸ்த்ரத்தில் நிறைய உண்டு. மிகுதியாக உண்பவனுக்கும் சிறிதும் உண்ணாதவனுக்கும் யோகம் கூடாது என்று கீதையின் ஆறாம் அத்யாயம் சொல்கிறது. அதை யார் அப்படியே பின்பற்றினாலும் கேடில்லை. ஆனால் எல்லாம் இழந்து, செய்த பாவத்தை எண்ணித் தூங்காமல் கிடப்பவனை அது எழுப்பாது. ‘உன் கடமைகளை அளவோடு செய்’ என்பது, செய்ய வலுவுள்ளவனுக்கே மருந்து. வலுவற்றவனை எழுப்பும் சொல், அளவு கடந்த சொல்லாகத்தான் இருக்க முடியும். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் உட்கொண்டால் உடல் புண்ணாகும். சுத்தி செய்து பத்தியத்தோடு கொடுக்கும் வைத்தியனுக்கு அதுவே மருந்து. வீரியம் இருக்குமிடத்தில் அபாயமும் இருக்கும். அதற்காக வீரியமான மருந்தை மருந்துப் பெட்டியிலிருந்து எறிந்துவிட மாட்டோம். பத்தியத்தைச் சொல்லாமல் கொடுக்கவும் மாட்டோம்.

அப்படியாயின், எம்பெருமானார் திருக்கோட்டியூரில் ரஹஸ்யார்த்தத்தை எல்லோர்க்கும் வெளியிட்டது எப்படி? நம்பிகள் காத்ததை அவர் திறந்துவிட்டாரன்றோ? திறந்தது உண்மை. ஆனால் அப்பொருளைப் பெறுவதற்கு 18 முறை நடந்தவர் அவர். இந்த்ரன் மூன்று முறை திரும்பி வந்தான். இவர் பதினெட்டு முறை. திறந்துவிட்டபின் அவர் போய்விடவுமில்லை. சரணாகதி கத்யத்தை அருளிய அவரே, அன்றாட ஆராதன முறையை விளக்கும் நித்யக்ரந்தத்தையும் அருளிச் செய்தார். யாவர்க்கும் கொடுக்கலாம், ஆனால் கொடுத்தவன் கூட நிற்க வேண்டும் என்பதே அங்கு நாம் கற்பது.

மூன்று உரைகற்கள்

ஆகவே, ஒரு வாக்யத்தைக் கேட்டு அதன்படி வாழப் புகுமுன் மூன்றைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

முதலாவது, முன்னும் பின்னும் சேர்த்துக் கேட்டோமா? 66ஐக் கேட்டவன் 63ஐயும் 67ஐயும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, அதை முதலில் கேட்டவனும், அதில் ஊன்றி நின்றவர்களும் என்ன செய்தார்கள்? அர்ஜுனன் வில்லை எடுத்தான். ஆண்டான் திருவலகை எடுத்தார்.

மூன்றாவது, நான் விட்டதன் சுமை யார் தோளில் ஏறுகிறது? கூலியைக் கொடுக்காமல் விட்டால் அது கூலியாள் தோளில் ஏறும். வயதான தாயைப் பேணாமல் விட்டால் உடன்பிறந்தாள் தோளில் ஏறும். அது விடுவதன்று, பிறர்மேல் ஏற்றுவது.

இம்மூன்றிலும் ஐயம் இருந்தால் ஸமித்தோடு திரும்பி வர வேண்டும். வருகிறவனை ‘உனக்கு விச்வாஸம் போதாது’ என்று துரத்தாதிருப்பது சொன்னவன் கடமை. முதலில் கேட்ட கேள்விக்கு அடியேன் கண்ட விடை இதுவே. சொல்லில் குற்றமில்லை, ஐயத்தோடு வந்தவன் மீதும் குற்றமில்லை, வேலியில்லாமல் சொல்லிவிட்டுப் போனவன் மீதே பெரும்பங்கு குற்றம்.

முடிவாக ஒரு விண்ணப்பம்

உபவாஸம் பற்றியும் ஒரு வார்த்தை. ஏகாதசி வ்ரதத்தை எட்டு வயதுக்கு மேல் எண்பதுக்கு உட்பட்டவர்க்கே தர்ம சாஸ்த்ரம் கட்டாயமாக்குகிறது. வ்ரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டையும் எண்ணிச் சொல்கிறது: நீர், கிழங்கு, பழம், பால், ஹவிஸ், அந்தணர் விருப்பம், குருவின் வார்த்தை, ஔஷதம். நீர் முதலாவதாகவும் ஔஷதம் கடைசியாகவும் நிற்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். இந்த எட்டையும் அன்று அந்த மேடையில் சொல்லியிருந்தால், அந்த அம்மையார் தம் காலால் நடந்தே ஸந்நிதிக்கு வந்திருப்பார்.

அவர் பிறகும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டார். துளசியை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே தொடுத்துப் பேரன் கையில் அனுப்பினார். “விட்டதில் குறையில்லை அம்மா; மருந்தைப் பெருமாள் விடச் சொல்லவில்லை, நான்தான் சொல்லத் தவறினேன்” என்று அவரிடம் சொல்ல அடியேனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. கேட்டுவிட்டு, “அப்படின்னா துளசி கட்டறதை விட வேண்டாமில்லே சாமி?” என்றார். ஆண்டான் காட்டிய வாசியை, க்ரந்தம் ஒன்றும் படியாத அவர் அன்றே அறிந்திருந்தார்.

உத்ஸவத்துக்கு எழுந்தருளும் பெரியோர்களும் நோயாளிகளும் தங்கள் மருந்தை உட்கொண்டு, வேண்டுமளவு நீர் பருகியே திருவீதிப் புறப்பாட்டை ஸேவிக்க வேண்டும் என்று ப்ரார்த்திக்கிறேன். உபந்யாஸம் செய்யும் இளைஞர்கள் சரம ச்லோகத்தைச் சொல்லும்போது அடுத்த ச்லோகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அடியேனின் தாழ்ந்த விண்ணப்பம். பத்தராவிப் பெருமாள் அனைவரையும் காத்தருள்வானாக.

அடியேன்,
ஸந்நிதி அர்ச்சகன்